மூன்று குளிர்காலம் இருந்தால் போதுமாம்

1

என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்கு நான் நேரான பதில் சொல்வதில்லை. “ஆராய்ச்சி செய்யிறா” என்பேன். கேட்டவர் அதை மருந்து ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்டால் நான் திருத்துவதில்லை. இங்கே ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில், எங்கள் ஆட்களின் பிள்ளைகள் டாக்டர், என்ஜினியர், அதுவும் இல்லையென்றால் வங்கி. என் ஒரே மகள் ஆரணியோ பான் நகரப் பல்கலைக்கழகத்தில் பழைய ஐஸ்லாந்து மொழியில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

ஒரு கலியாண வீட்டில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அக்கா கடிக்கப்போன வடையை அப்படியே நிறுத்திவிட்டார்.

“ஐஸ்லாந்தோ? அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

“இல்லை அக்கா. இது பழைய காலத்துப் பாஷை.”

“அப்ப அதைப் படிச்சுப்போட்டு ஆரோடை கதைக்கிறது?”

அன்றிலிருந்து “ஆராய்ச்சி” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் படிப்பைச் சொல்ல வெட்கப்பட்ட தாய் நான். அது சின்ன வெட்கம்தான். பெரியதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தவள். கிழமை நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் தமிழ் படிப்பிக்கிறேன். சமையலறையில் என் பெயரை ஒருவரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. சனிக்கிழமை மட்டும் நான் ‘ரீச்சர்’. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறேன் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அதில் பொய் இல்லை.

போன மாதம் பள்ளியின் வெள்ளி விழா. விழாவில் பேச்சுப்போட்டி, அதற்கு மூன்று நடுவர்கள், எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான். நடுவர்களில் ஒருவர், தமையனின் செத்தவீடு என்று கடைசி நேரத்தில் லண்டனுக்குப் போய்விட்டார். வேறு ஆள் தேடிக் களைத்த பிறகுதான் ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்னையோ அம்மா? உண்மையாவோ?”

“ஓம் பிள்ளை. இருந்து புள்ளி போட்டாச் சரி.”

“என்ரை தமிழ் காணுமோ?”

“காணும், காணும். நீ வா.”

அவள் இங்கேதான் பிறந்தாள். எங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தாள். அவள் தமிழைக் கேட்டால் ஜேர்மனியில் வளர்ந்தவள் என்று முதல் வசனத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அதுவரை என்னோடு அவள் ஒரு நாளும் டொச்சில் கதைத்ததில்லை. டொச் என்று நாங்கள் சொல்வது ஜேர்மன் மொழியைத்தான். மற்ற வீடுகளில் தாய் தமிழில் கேட்பாள், பிள்ளை டொச்சில் பதில் சொல்லும். என் பிள்ளை அப்படி இல்லை என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

2

விழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை ஆரணி பானிலிருந்து ரயிலில் வந்தாள். வந்ததும் வராததுமாகக் கை கழுவிவிட்டு என்னோடு ரோல்ஸ் சுற்ற உட்கார்ந்தாள். எங்கள் ஆட்களின் விழா என்றால், கறியை மாவில் சுற்றிப் பொரிக்கிற ரோல்ஸ் இல்லாமல் நடக்காது. மேசையில் மாவும் கிழங்குக் கறியும் இருக்க, முதல் தடவையாக அவள் படிப்பைப் பற்றி நான் ஒழுங்காகக் கேட்டேன். நாளைக்கு நடுவர் ஆசனத்தில் இருக்கப்போகிறவள் அல்லவா, யாராவது கேட்டால் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

“ஐஸ்லாந்திலை முதலிலை சனம் எண்டு பெரிசா ஒருத்தரும் இல்லை, அம்மா. நோர்வேயிலை இருந்து வெளிக்கிட்ட ஆக்கள் படகிலை வந்து இருந்திட்டினம். வேறை தீவுகளிலை இருந்தும் வந்தவை. அயர்லாந்திலை பிடிச்ச பொம்பிளையளை அடிமையாக் கொண்டுவந்தவை. கன விதமான ஆக்கள்.”

“ராசா?”

“ராசா இல்லை. சட்டம்தான். அதையும் கனகாலம் எழுதி வைக்கேல்லை. வருசா வருசம் எல்லாரும் ஒரு இடத்திலை கூடுவினம். ஒராள் எழும்பி மனப்பாடமாச் சொல்லுவார், மற்றவை நிண்டு கேப்பினம்.”

“எங்கடை பேச்சுப்போட்டி மாதிரி,” என்றேன்.

“ஓம். ஆனா அவருக்கு என்ன சொல்லுறன் எண்டு விளங்கவேணும். ஆரும் சந்தேகம் கேட்டா அதுக்கு மறுமொழி சொல்லவேணும்.”

நான் சிரித்தேன். எங்கள் போட்டியைக் குத்திக்காட்டவென்று அவள் அதைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு சொல்லுக்காகக் கொலை விழுகிற நாடாம் அது. இன்ன சொல்லை ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னால், சொன்னவனைக் கொல்லச் சட்டமே இடம் கொடுத்ததாம். அந்தப் பாஷை பேசினால் தங்கள் ஆள், பேசாவிட்டால் பிறத்தியாள். ஒரே பாஷை பேசியும், பழைய நாட்டுக்குத் திரும்பிப் போனால் நோர்வேக்காரர் இவர்களைக் கொழுப்புத் தின்னிகள் என்று கேலி செய்வார்களாம். எங்களை ஊரில் ‘வெளிநாட்டுக்காரர்’ என்று சொல்லி மீனுக்கு இரட்டை விலை சொல்வது ஞாபகம் வந்தது.

“இது உங்களுக்குப் பிடிக்கும், அம்மா. கோட்டிலை தீர்ப்புச் சொல்ல இருக்கிற ஆள் அந்தப் பாஷையைச் சின்னனிலையே பழகியிருக்கவேணும். இல்லாட்டி அங்கை மூண்டு குளிர்காலம் இருந்திருக்கவேணும். அதுக்குப் பிறகு அவரும் தீர்ப்புச் சொல்லலாம்.”

“மூண்டு குளிரோ? எங்களிட்டை இஞ்சை பாஸ்போட்டுக்கு எட்டு வருசம் கேட்டவங்கள். சோதினையும் வைச்சவங்கள்.”

அவள் குலுங்கிச் சிரித்ததில் ரோல் ஒன்று வெடித்துக் கறி வெளியே வந்தது.

“அந்த அயர்லாந்துப் பொம்பிளையளின்ரை பாஷைக்கு என்ன நடந்தது?”

“போயிட்டுது. ஆக்களின்ரை பெயர் கொஞ்சம், இடத்தின்ரை பெயர் கொஞ்சம் மிச்சம்.”

“பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கேல்லையோ?” சனிக்கிழமை ரீச்சரால் இப்படித்தான் கேட்க முடியும்.

அவள் அடுத்த ரோலுக்கு மாவைத் தட்டினாள். “குடுத்திருப்பினம். பிள்ளையள் வெளியிலை கதைச்சிருக்க மாட்டினம். கதைச்சா அடிமையின்ரை பிள்ளை எண்டு தெரிஞ்சிடுமே. இது எங்கையும் எழுதியிருக்கிறது இல்லை, நான் யோசிக்கிறது.”

“அதுக்குத்தானே நாங்கள் பள்ளிக்கூடம் நடத்துறம்,” என்று சொல்லி, சுற்றிய ரோல்ஸ்களைத் தட்டில் அடுக்கினேன். எவ்வளவு பெருமையோடு சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

3

பேச்சுப்போட்டி நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான். நான் படித்த பள்ளியிலும் அது இருந்தது. என் அப்பா தபால் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த லிகிதர். ‘பெண் கல்வி’ என்று ஒரு பேச்சை அழகான எழுத்தில் எழுதி, எந்தச் சொல்லுக்குக் கையைத் தூக்குவது, எந்தச் சொல்லுக்கு நெஞ்சில் வைப்பது என்று பக்கத்திலேயே குறித்துத் தந்தார். சபை அதிரப் பேசினேன். கோப்பை கிடைத்தது. அதில் என்ன சொன்னேன் என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேடையிலேயே அழுதிருப்பேன்.

இங்கே அது இன்னும் முன்னேறிவிட்டது. ஊரில் இருக்கிற ஓர் ஆசிரியர் பேச்சை எழுதி, தன் குரலிலேயே பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்குகிறார்கள். தமிழ் எழுத்து வாசிக்க வராத பிள்ளைகளுக்குத் தாய்மார் டொச் எழுத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. மேடையில் பிள்ளை மணி மணியாகப் பேசும்போது எங்களுக்குக் கண் கலங்கும், அதுவும் உண்மைதான்.

ஊர் என்றதும் இன்னொன்று. ஆரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போனோம். என் அக்காவின் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று, “அதைச் சொல்லு, இதைச் சொல்லு” என்று தமிழ்ச் சொற்களைச் சொல்ல வைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சொன்னாள். நானும் அங்கேதான் நின்றேன், அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடுவாள் என்று அதைப் பற்றி அப்புறம் யோசிக்கவே இல்லை.

4

ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆரணி என்னுடைய பச்சைச் சேலையை உடுத்து, நடுவர் மேசையில் மற்ற இருவருக்கும் நடுவில் இருந்தாள். தலைப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்: தாய்மொழியின் சிறப்பு.

அக்சயா பேசினாள். பள்ளித் தலைவர் சிவநேசன் அண்ணையின் பேத்தி. பத்து வயது. ஒரு சொல் தடுமாறவில்லை. கை எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பியது, குரல் தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்தது. மண்டபம் கைதட்டியது. அப்போதுதான் ஆரணி யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். மைக்கைக் கிட்ட இழுத்தாள்.

“நல்லா இருந்தது, தங்கச்சி. நீங்கள் சொன்னதிலை உங்களுக்கு எது பிடிச்சது?”

பிள்ளை தாயைப் பார்த்தது. தாய் தாத்தாவைப் பார்த்தாள். எங்கள் போட்டிகளில் நடுவர் வாய் திறந்து கேள்வி கேட்ட வழக்கமே இல்லை. ஆரணி இன்னொரு முறை, இன்னும் மெதுவாகக் கேட்டாள். பிள்ளை வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டது.

அடுத்தவள் மீரா. அவளுக்குப் பாதியில் பேச்சு மறந்துபோயிற்று. மேடையில் பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“பரவாயில்லை,” என்றாள் ஆரணி. “நீங்கள் நினைக்கிறதைச் சொல்லுங்கோ.”

மீரா நிலத்தைப் பார்த்தபடி தொடங்கினாள். “என்ரை அம்மா பேக்கரியிலை வேலை. நான் எழும்ப முதல் போயிடுவா. போகேக்கை என்ரை காதுக்குள்ளை ஒண்டு சொல்லுவா. தமிழிலை. என்ன எண்டு சொல்ல மாட்டன். அதை டொச்சிலை சொல்லேலாது. சொல்லிப் பாத்தனான், சரிவரேல்லை.”

இடையில் டொச் சொற்கள் இரண்டு மூன்று விழுந்தன. சபையில் பலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் மீராவின் தாய் சிரிக்காமல் இருந்தாள். ஆரணி குனிந்து புள்ளி போட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டிப் பார்த்தபோது மீரா முதலாவதாக வந்தாள். மற்ற இரண்டு நடுவரும் அக்சயாவைத்தான் மேலே வைத்திருந்தார்கள். ஆரணி மீராவுக்கு முழுப் புள்ளி போட்டிருந்தாள், அக்சயாவுக்குப் பாதி.

5

மண்டபத்தின் பின்னால் சின்னச் சமையலறை. தேநீருக்குக் கேத்திலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சிவநேசன் அண்ணையும் மற்ற இரண்டு நடுவரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள்.

“ரீச்சர், இது என்ன விளையாட்டு?”

“புள்ளி அப்பிடித்தான் வந்திருக்கு, அண்ணை.”

“அக்சயா ஒரு சொல்லுப் பிழை விடேல்லை. மற்றப் பிள்ளை மறந்துபோய் நிண்டது. ஊரறிஞ்ச விசயம். இஞ்சை பிறந்த பிள்ளைக்கு எது நல்ல தமிழ் எண்டு எப்பிடித் தெரியும்? உங்கடை மகள் கதைக்கிறதே டொச்சுக்காரி தமிழ் பழகின மாதிரி. குறை நினைக்காதையுங்கோ.”

நடுவர்களில் ஒருவர் தேநீரைக் கலக்கியபடி, “பிள்ளை நல்ல பிள்ளை. எண்டாலும் நடுவர் எண்டா ஒரு தகுதி வேணும்தானே,” என்றார்.

நான் சொல்ல வேண்டியது ஒரே வசனம். அக்சயாவுக்குத் தான் சொன்னது விளங்கவில்லை, மீராவுக்கு விளங்கியது, ஆரணி போட்ட புள்ளிதான் சரி. அது எனக்கு மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போதே தெரியும். சொன்னால் இவ்வளவு வருடமும் நாங்கள் கொடுத்த கோப்பைகள் எல்லாம் என்ன என்ற கேள்வி வரும். சனிக்கிழமை ரீச்சர் யார் என்ற கேள்வி வரும். வாய் வரை வந்த வசனத்தை விழுங்கிவிட்டு, “அப்ப என்ன செய்வம் அண்ணை?” என்று கேட்டேன்.

அவர்கள் சொன்னார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

“பெரியோர்களே, ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது. நடுவர்களில் ஒருவர் இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்ப் புலமை போதாமையால் அவர் வழங்கிய புள்ளிகள் கணக்கில் எடுக்கப்படவில்லை. சபையோர் பொறுத்தருள வேண்டும்.”

அவள் பெயரைச் சொல்லவில்லை. என் மகள் என்றும் சொல்லவில்லை. மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். கைதட்டினார்கள். அந்த மேடைத் தமிழ் அங்கிருந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. என் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவள் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபத்தைத் தேடினேன், இல்லை. வகுப்பில் பிழையான விடை சொல்லிவிட்ட பிள்ளையின் முகம்தான் இருந்தது.

தமிழைக் காப்பாற்றுகிறேன் என்று வேலியாக நின்றவள் நான். வேலியே பயிரை மேய்ந்த கதையை அன்று என் வாயாலேயே மைக்கில் சொல்லி முடித்தேன். முதல் பரிசு அக்சயாவுக்குப் போனது. பரிசு கொடுத்து முடிந்ததும் ஆரணி மீராவுக்குப் பக்கத்தில் போய் இருந்து ஏதோ சொன்னாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து கதிரைகளை அடுக்கினாள்.

6

வீட்டுக்குப் போகும்போது காரில் நான்தான், “பிள்ளை, ஏதும் சாப்பிட்டனியோ?” என்று கேட்டேன்.

“யா, ஆலஸ் குட், மமா,” என்றாள் ஆரணி.

ஓம், எல்லாம் நல்லது என்றுதான் அர்த்தம். ஆனால் என்னோடு அவள் பேசிய முதல் டொச் வசனம் அது. வீட்டுக்கு வந்து அவள் அறைக்குப் போன பிறகு என் கணவர், “இஞ்சாரும், நீர் செய்தது சரியில்லை,” என்றார். “தெரியும்,” என்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ரயில் நிலையத்தில் மன்னிப்புக் கேட்டேன். “என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது.” அவள் என்னைக் கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தம் தந்து, டொச்சில் சொன்னாள்: உங்களுக்கு வேறு வழி இல்லை, எனக்கு விளங்குது, யோசிக்க வேண்டாம். பிறகு ரயில் ஏறிவிட்டாள்.

என் பாஸ்போட்டுக்காக நான் எழுதிய டொச் சோதனை அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. வாய்மொழிச் சோதனைக்கு ‘என் குடும்பம்’ என்று ஒரு பக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். சோதிக்க வந்த பெண் இரண்டு வசனத்தோடு என்னை நிறுத்தி, மழை நாளில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டாள். மீனும் புளியும் மிளகும் என்று கையால் காட்டி, வசனம் உடைந்து, சொல் மாறி, ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன். அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. இதைத்தான் கேட்க விரும்பினேன் என்று சொல்லிப் புள்ளி போட்டாள். அந்த உடைந்த டொச்சால்தான் இந்த நாட்டுக்காரி ஆனேன். அந்நியப் பெண் எனக்குத் தந்ததை நான் என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. முந்தின நாள் சமையலறைக்குள் இது ஏன் ஞாபகம் வரவில்லை என்று என்னையே கேட்கிறேன். ஞாபகம் வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த சனிக்கிழமை சிவநேசன் அண்ணையிடம் போய், ஆரணியின் புள்ளிதான் சரி, நான் சபையில் சொன்னது பிழை, திரும்பவும் சபையில் சொல்ல வேண்டும் என்றேன். “முடிஞ்ச விசயம் ரீச்சர், அதை ஏன் கிளறுவான்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த விழாவுக்கு ரோல்ஸ் எத்தனை சுற்றலாம் என்று கேட்டார். போட்டிப் பொறுப்பை விட்டுவிட்டேன். என்னைத் தவிர ஒருவருக்கும் அது தண்டனையாகத் தெரியவில்லை.

ஆரணி முன்போலவே ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறாள். டொச்சில் கதைக்கிறாள். அவள் டொச் இவ்வளவு வேகமானது, இவ்வளவு பகிடி நிறைந்தது என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. தமிழில் அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் என்னோடு கதைத்திருக்கிறாள். இப்போது நான் சொல் தேடுகிறேன். விளங்காத இடத்தில் “யா, யா” என்கிறேன். அவள் கண்டுபிடித்துவிடுவாள். உடனே வசனத்தைச் சின்னதாக்கி மெதுவாகச் சொல்வாள். அலுவலகங்களில் என்னோடு அப்படித்தான் கதைப்பார்கள். என் பிழைகளை அவள் ஒரு தடவையும் திருத்தியதில்லை, சிரித்ததும் இல்லை.

போன ஞாயிறு என்னால் பொறுக்க முடியவில்லை.

“பிள்ளை, தமிழிலை கதையன்.”

“பிழை வரும், மமா,” என்றாள் டொச்சில்.

“வரட்டும். இஞ்சை நீயும் நானும்தானே. வேறை ஆர் கேக்கப்போகினம்?”

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

“நீங்கள் கேப்பியள்தானே, அம்மா,” என்றாள்.

தமிழில்தான் சொன்னாள். அதில் ஒரு பிழையும் இல்லை. பிறகு டொச்சுக்குத் திரும்பி, இரத்த அழுத்தக் குளிசை போட்டேனா என்று, எனக்கு விளங்கும்படி மெதுவாகக் கேட்டாள்.